படத்தில் உள்ளபடி ஒரு கூரை

ஏப்ரல் மாதத்து முதல் திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஓடுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ‘பிக்சல்’ என்று தெருவில் அழைக்கப்படும் ஆசாமி நகர அலுவலகத்தின் படியேறினார். ஓடுகள் ஒரு பென்டிரைவில் இருந்தன. கட்டப்போகும் வீடுகளைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கட்டிக் காட்டுவது அவர் தொழில். நாற்பது வீடு கட்டியிருக்கிறார்; கையில் சிமெண்ட் பட்டதில்லை.

இந்தக் கூரை அவருடைய அக்காவுடையது. அக்கா தையல்காரி. வீட்டின் மேல் அறையில் ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, பள்ளிக்கூடம் ஒன்று தைக்கச் சொல்லி அனுப்பிய நூற்று நாற்பது சீருடைக்கான துணி. மேலே ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்கு இன்னும் எட்டு வாரம்.

முன்பெல்லாம் ஓடு ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். நாகரிகம் வளர்ந்துவிட்டபடியால், இப்போது முதலில் கூரைத் தோற்ற மேம்பாட்டுப் பிரிவைக் கூப்பிட வேண்டும். ஓடு மாற்ற விரும்புவோர், மாற்றிய பின் கூரை எப்படி இருக்கும் என்பதைக் கம்ப்யூட்டர் படமாகச் சமர்ப்பிக்க வேண்டும். தத்ரூபத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் பெற்ற படத்துக்கே அனுமதி. ஒருமுனையில் குப்பைக் கிடங்கும் மறுமுனையில் பஸ் பணிமனையும் உள்ள தெருவின் எழிலைக் காப்பதே இதன் நோக்கம் என்று சுற்றறிக்கை தெரிவிக்கிறது.

பிரிவு அலுவலர் பதினெட்டு வருடம் சாக்கடைப் பிரிவில் குனிந்து பார்த்தவர். ஐந்து நாள் பயிற்சிக்குப் பிறகு நிமிர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். படத்தைத் திரையில் விரித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“என்ன சார் இது? போட்டோவ எடுத்து கூரை மேல போர்வை மாதிரி போர்த்தி வச்சிருக்கீங்க. ஓரத்தப் பாருங்க, தாள் மாதிரி தட்டையா இருக்கு. ஓடுன்னா ஒரு கனம் வேண்டாமா?”

அவர் சொன்னது நியாயம். இந்த விவகாரம் முழுவதிலும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே நியாயம் என்பதால் பதிவு செய்யப்படுகிறது. மதிப்பெண் முப்பத்தெட்டு.

பிக்சல் வீட்டுக்குப் போய் ஒரே ஒரு ஓட்டை மெனக்கெட்டுச் செதுக்கினார். வளைவு, விளிம்பு, அடுத்த ஓட்டின் மேல் ஏறி உட்காரும் பள்ளம் எல்லாம் வைத்து, அதை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதி எடுத்து அடுக்கினார். இரண்டு வாரம் ஆனது.

“கனம் வந்துடுச்சு. ஆனா எல்லாம் ஒரே அச்சா இருக்கே. இயற்கைல எங்கயாவது ரெண்டு ஓடு ஒண்ணு போல இருக்குமா?”

“சார், தொழிற்சாலைல ஒரே அச்சுலதான சார் வார்க்கிறாங்க?”

“அது தொழிற்சாலையோட குறை. நாம அதுக்கு என்ன பண்ண முடியும்?”

அறுபத்தொன்று. பிக்சல் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு மயிரிழை திருப்பினார், ஒவ்வொன்றுக்கும் நிறத்தைச் சற்றே மாற்றினார், முகட்டு ஓடுகளைக் கொஞ்சம் கோணலாக்கினார். கம்ப்யூட்டர் நாலு நாள் மூச்சு வாங்கி ஒரு படம் போட்டது. அதற்கு எழுபத்து மூன்று. குறிப்பு: “காலத்தின் சுவடு காணப்படவில்லை.”

அக்காவுக்குப் பொறுமை போயிற்று. செல்போனோடு அவரே நேரில் வந்தார்.

“ஐயா, காலத்தோட சுவடுதான வேணும்? இதோ என் கூரையோட போட்டோ. நேத்துதான் எடுத்தேன். இதவிட தத்ரூபமா எவன் காட்டுவான்?”

அலுவலர் போட்டோவை நீண்ட நேரம் ஆராய்ந்தார். இளநிலை உதவியாளரைக் கூப்பிட்டார். இருவரும் ஆராய்ந்தனர்.

“வெளிச்சம் சரியில்லம்மா. நிழல் விழுற விதமும் நம்புற மாதிரி இல்ல. அந்த நீலத் தார்ப்பாய் சுத்தமா ஒட்டவே இல்ல.”

“ஒட்டலதான். நாலு கல்லு வச்சு நிறுத்தியிருக்கேன்.”

“நாப்பத்தொண்ணு போடலாம். அதுக்கு மேல மனசாட்சி எடம் கொடுக்கல.”

உண்மையான கூரை தத்ரூபத்தில் தோற்ற செய்தி தெருவில் பரவியது. சிரித்தவர்கள் பலர். சிரித்து முடித்ததும் ஆளுக்கொரு தரம் வெளியே வந்து தங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிக்சலுக்கோ இது மானப் பிரச்சினையாகிவிட்டது. இரவும் பகலும் பாசி வளர்த்தார். மழைநீர் வழிந்த கறையை ஓடு ஓடாக இழுத்துவிட்டார். கடைசியாக, இடமிருந்து மூன்றாவது வரிசையில் பதினோராவது ஓட்டைக் குறுக்கே உடைத்தார். உடைந்த துண்டு ஒன்று சரிந்து, அடியில் ஓர் இருட்டுப் பொந்து தெரிந்தது. பார்த்துப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது.

அலுவலர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “இதான்யா கூரை!” என்றார். தொண்ணூற்றாறு. அனுமதி ஆணையில் முத்திரை விழுந்தபோது மழைக்கு மூன்று வாரம் இருந்தது.

கொத்தனார் ஐந்தே நாளில் வேலையை முடித்தார். புது ஓடு, நெருக்கமான அடுக்கு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் சொட்டு இறங்கவில்லை. அக்கா துணியை மேஜையில் விரித்து வெட்டத் தொடங்கிய அன்று, அலுவலர் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ஆய்வுக்கு வந்தார்.

“பாசி எங்க?”

“எது எங்க?” என்றார் கொத்தனார்.

“மூணாவது வரிசை, பதினோராவது ஓடு முழுசா இருக்கு. அங்கீகரிக்கப்பட்ட படத்துக்கு முரணா, உள்நோக்கத்தோட முழுசா வச்சிருக்கீங்க.”

“முப்பது வருசமா ஓடு மேயுறேன். முழுசா வச்சதுக்கு இதுவரைக்கும் யாரும் என்னைத் திட்டினதில்லைங்க.”

“ஏழு நாள்ல படத்துக்கு ஒத்துவரணும். இல்லன்னா கூரையப் பிரிக்க ஆணை வரும்.”

பாசிக்குப் பச்சைச் சாயம் கரைத்தாயிற்று. கறைக்கு டீத்தூள் கொதிக்க வைத்தாயிற்று. உடைக்க வேண்டிய ஓட்டை எண்ணிக் கண்டுபிடித்து, கொத்தனார் சுத்தியலோடு மேலே நிற்க, அக்கா அதற்கு அடியில், மேல் அறையிலிருந்து அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். நேர் கீழே தையல் மெஷின். பக்கத்தில் நின்ற தம்பியிடம் திரும்பினார்.

“டேய், உடைக்கிறதுக்கு உனக்கு வேற எடமே கிடைக்கலையா? இத்தனை ஓட்டுல என் மெஷினுக்கு மேல இருக்கிறதுதானா?”

“அக்கா, படத்தைப் பார்க்கிறவன் கண்ணு நேரா அங்கதான்க்கா போய் நிக்கும். ரெண்டு ஓடு தள்ளிப் போட்டா எடுபடாது.”

“மழையும் நேரா அங்கதான்டா வந்து நிக்கும்!”

“மெஷினத் தள்ளிப் போட்டுக்கயேன்.”

“எங்க தள்ளறது? அந்தப் பக்கம் ஜன்னல் இல்ல. இருட்டுல ஊசி கோக்கச் சொல்றியா?”

உடைந்த ஓட்டை வேறு இடத்துக்கு மாற்ற வழி உண்டா என்று அலுவலகத்தில் விசாரித்தார்கள். தாராளமாக உண்டு. புதிய படம், புதிய மனு, தொண்ணூறு நாள். அதுவரை கூரை இருக்கக் கூடாது.

கொத்தனார் சுத்தியலை ஓங்கினார். முதல் அடியில் ஓடு நாலாகச் சிதறியது; படத்திலோ இரண்டு துண்டுதான். வேறு ஓடு வைத்து மறுபடி உடைத்தார். மூன்றாவது ஓட்டில்தான் தத்ரூபம் கைகூடியது. அலுவலர் சட்டத்தை உயர்த்திப் பிடித்து ஒப்பிட்டு, திருப்திச் சான்று வழங்கினார். பொந்தை உள்ளிருந்து அடைக்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, “இருட்டு தெரியணும்மா. அதுக்கு மட்டுமே ஆறு மார்க்கு,” என்றார்.

ஜூன் ஒன்பதாம் தேதி மழை வந்தது. பிளாஸ்டிக் வாளி வைத்தார்கள். அது நிரம்பும் வேகத்துக்குக் கொட்ட ஆள் இல்லை. மெஷின் மோட்டார் புகைந்து நின்றது. வெட்டி அடுக்கிய துணியில் வெள்ளைச் சட்டைகளின் மேல் ஓட்டின் செம்மண் சாயமும் செயற்கைப் பாசியின் பச்சையும் இறங்கியிருந்தன. பள்ளிக்கூடம் சீருடை வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது.

அக்கா புகார் மனு கொடுத்தார். பதில் எழுத்தில் வந்தது: “அங்கீகரிக்கப்பட்ட படத்தில் வானம் தெளிவாக உள்ளது. மழை இடம்பெறவில்லை. ஆகவே தாங்கள் குறிப்பிடும் ஒழுகல் இப்பிரிவின் வரம்புக்குள் வராது.”

தெரு இதைப் படித்துப் பொங்கியது. அடுத்த வாரமே தெருவில் பதினேழு பேர் பிக்சல் வீட்டு வாசலில் நின்றார்கள். நியாயம் கேட்க அல்ல.

“தம்பி, நம்ம வீட்டுப் படத்துலயும் தொண்ணூத்தாறு வாங்கின அதே மாதிரி ஒரு உடைஞ்ச ஓடு போட்டுக் கொடுப்பா. கண்ணு போய் நிக்கணும்.”

“உங்களுது கான்கிரீட் மாடியாச்சே அண்ணே?”

“மேல ஓடு ஒட்டிக்கிறோம். உடைச்சுக்கிறோம். உனக்கென்ன?”

கொத்தனார் இப்போது முழு ஓடு வேலைக்கு வருவதில்லை. உடைக்க மட்டும் வருகிறார், கூலி இரட்டிப்பு.

செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி அக்காவின் வீட்டுக்கு நகரின் சிறந்த கூரை விருது வழங்கப்பட்டது. அக்கா அதற்கு முந்தைய மாதமே வீட்டைக் காலி செய்து, இரண்டு தெரு தள்ளித் தகரக் கொட்டகை ஒன்றுக்கு வாடகைக்குப் போயிருந்தார். விருதைத் தம்பி பெற்றுக்கொண்டார்.