பாலத்தின் நடுவே ஒரு நீதிமன்றம்

இருகரை நாட்டில் அம்பலவாணர் என்றொரு வழக்கறிஞர் வாழ்ந்தார். கீழ்க்கரையில் வழக்காடும் நாளில் ஒரே ஒரு சட்டநூலை அக்குளில் இடுக்கிச் செல்வார். மேல்கரைக்குச் செல்லும் நாளிலோ, பழந்தீர்ப்புகளைப் படகோட்டி சடையனின் படகு நிறைய ஏற்றிக்கொண்டு, தொண்டைக்கு இதமாகச் சுக்குநீரும் அருந்திப் புறப்படுவார்.

காரணம் உண்டு. கீழ்க்கரையில் நூலில் எழுதியதே சட்டம். நீதிபதியே துருவித் துருவி வினவுவார், வழக்கறிஞர் பெரும்பாலும் வாய் திறவார். மேல்கரையில் முன்னோர் அளித்த தீர்ப்பே சட்டம். வழக்கறிஞர் வாதிடுவார், நீதிபதி செவிமடுப்பார். இரு கரையிலும் எவரேனும் ஒருவர் பேசியதால் உண்மை ஒருவாறு வெளிப்பட்டு வந்தது.

மன்னர் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். மேலே நடந்தோர் அனைவரும் வியந்தனர். கீழே படகோட்டிய சடையன் மட்டும், "நடுத்தூணு வெடிச்சிருக்கு, கையே நுழையுது" என்று சந்தையில் சொன்னான். பாலத்தை இகழ்ந்த குற்றத்திற்காக அன்றே சிறைப்பட்டான்.

அவனை எந்தக் கரையின் சட்டப்படி விசாரிப்பது? நடுத்தூண் எக்கரைக்கு உரியது? சட்ட அமைச்சர் மகிபாலர் விடை கண்டார்.

"இரு சட்டங்களின் சிறப்பையும் இணைத்துப் பாலத்தின் நடுவே புதிய நீதிமன்றம் அமைப்போம். கீழ்க்கரை மரபுப்படி வழக்கறிஞர் அடங்கியிருப்பார். மேல்கரை மரபுப்படி நீதிபதி அமைதி காப்பார்."

"அவ்வாறாயின் பேசுபவர் யார், ஐயா?" என்றார் அம்பலவாணர்.

"அமைதியே நீதிக்கு அணிகலன், வழக்கறிஞரே! ஐம்பதாண்டு பேசிய தங்கள் தொண்டைக்கும் ஓய்வு வேண்டாமா?"

முதல் அமர்வில் காலை முதல் மாலை வரை ஒருவரும் பேசவில்லை. 'ஆட்சேபம் எழவில்லை' என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். சடையனின் காவல் நீட்டிக்கப்பட்டது. பொறுக்கமாட்டாத அவன் மனைவி பூவாயி, "ஏதாச்சும் கேளுங்க சாமி!" என்று கூவினாள். மறுநாளே புதிய ஆணை பிறந்தது: நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்பவர் மட்டும் பேசலாம், அடுத்த அமர்விலும் ஒப்புக்கொள்ளாதவர் ஆயுள் முழுதும் கல்லுடைக்க வேண்டும்.

பூவாயி அம்பலவாணரிடம் ஓடிவந்தாள். "பொய் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்களாம். அந்த மனுசன் கேக்கமாட்டேங்குது. 'கைய விட்டுப் பார்த்தவன் நானு, இல்லேன்னு எப்படிச் சொல்ல?'ங்குது."

"படகு இருக்கிறதா, அம்மா?"

"இருக்கு சாமி. நானே தள்ளுறேன்."

இருவரும் தூணருகே சென்றனர். அம்பலவாணர் விரிசலுள் கையை விட்டார். முழங்கை வரை சென்றது.

அமர்வு நாளன்று அவர் நூலையும் எடுக்கவில்லை, தீர்ப்புகளையும் எடுக்கவில்லை. சுக்குநீர் மட்டும் அருந்தினார். நீதிமன்றத்தில் அங்கியைக் கழற்றி மடித்து மேசைமீது வைத்தார். கூண்டில் ஏறிச் சடையனின் அருகே நின்றார்.

"ஐயா, நீங்க எதுக்கு இங்க?" என்று சடையன் பதறினான்.

"வழக்கறிஞர் பேசலாகாது!" என்று மகிபாலர் எழுந்தார்.

"நான் இப்போது வழக்கறிஞன் அல்லேன். பாலத்தை இகழ்ந்த குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவன்."

ஆணையைப் புரட்டிப் பார்த்த எழுத்தர், வேறு வழியின்றி எழுதுகோலை எடுத்தார்.

"நடுத்தூணில் விரிசல் உள்ளது. முழங்கை நுழைகிறது. அது நீதிபதியின் இருக்கைக்கு நேர்கீழே ஓடுகிறது."

நீதிபதி கால்களை மெல்ல மேலே தூக்கிக்கொண்டார்.

"எழுதிவிட்டீரா?" என்றார் அம்பலவாணர். "நல்லது. சொன்னது பொய் என்று நானும் சொல்லமாட்டேன். கல்லுடைக்க நானும் சடையனுடன் செல்கிறேன்."