கோவிந்தப்பாவின் நகராத டிரைலர்

ராணுவம் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய டிரைலரை வாங்கிவந்த அன்றே கோவிந்தப்பா சபதம் போட்டுவிட்டார். பிரேக்கைச் சரிசெய்வது, பக்கத்து வீட்டு மைக்கேல்ராஜின் லாரிக்குப் பின்னால் கட்டுவது, ஓசூர் வரை சரக்கு ஓட்டி முதலாளி ஆவது. "பிரேக்குல எனக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது" என்று அல்சூர் பேட்டைக்கே கேட்கும்படி சொன்னார்.

மனைவி பாஞ்சாலிக்கு வேறு ஆசை. பேக்டரி வாசலில் இட்லிக் கடை. ஆனால் கூடையை இறக்கினாலே கான்ஸ்டபிள் நாணு வந்து விரட்டிவிடுவார். ரோட்டில் கடை கூடாதாம். டிரைலர் மேலேயே கடை வைத்தால் என்ன என்று அவள் கேட்டாள். கோவிந்தப்பா சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்துவிட்டது.

அது காற்றில் வேலை செய்கிற பிரேக். எங்கேயோ ‘புஸ்ஸ்ஸ்’ என்று கசிந்தது. அவர் வால்வைத் திட்டினார், காற்று டாங்கியைத் திட்டினார், அதைச் செய்த வெள்ளைக்காரனைத் திட்டினார். பாஞ்சாலி துணி துவைத்த சோப்பு நுரையை அள்ளிக் காற்றுக் குழாய்களில் மூட்டு மூட்டாகப் பூசினாள். ஒரு மூட்டில் குமிழி தவளைத் தொண்டைபோல் உப்பியது. உள்ளே வாஷர் இற்றுப்போயிருந்தது. பழைய டியூபை வெட்டிப் புதுசு போட்டதும் புஸ் நின்றது. புகழை அவர் எடுத்துக்கொண்டார்.

"லாரியிலேர்ந்து வர்ற காத்துக் குழாயைக் கழட்டினாப் போதும், பிரேக் தானா கவ்விக்கும். யானை இழுத்தாலும் நகராது."

"யாரு கழட்டினாலுமா?"

"நீ கழட்டினாக்கூட."

வெள்ளோட்டத்துக்கு அவளும் ஏறிக்கொண்டாள், மூடிய அண்டாக்களோடு. கோயிலுக்குப் பிரசாதமாம். பேக்டரி வாசலில் டீ குடிக்க இறங்கிய கோவிந்தப்பா, கிளாசோடு திரும்பிப் பார்த்தால் லாரியைக் காணோம். தினசரி இட்லிக்கு மைக்கேல்ராஜ் விலைபோயிருந்தான். கழற்றிய குழாய் தொங்க, டிரைலர் மலையாய் நின்றது. மேலே பாஞ்சாலி. சுற்றிலும் ஷிப்டு முடிந்த கூட்டம், கையில் தட்டு.

நாணு லத்தியைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"கடையா? ரிப்பேர் வண்டிங்க சார்" என்றாள் பாஞ்சாலி. "பிரேக் கவ்விக்கிச்சு. நின்ன இடத்துல ரெண்டு இட்லி குடுக்கறேன். எங்க வீட்டுக்காரர்தான் பாத்துட்டிருக்காரு."

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மளமளவென்று காலியாகும் அண்டாவைப் பார்த்தார். லாரியைத் தேடிப் பிடித்து அந்தக் குழாயை மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். கடையும் போய்விடும். கிளாசைக் கீழே வைத்துவிட்டு டிரைலருக்கு அடியில் நுழைந்தார்.

நாணு ஒரு தட்டு இட்லியோடு குனிந்து விசாரித்தார்.

"ஏன்பா, இது எப்ப சரியாகும்?"

தெருவுக்கே பிரேக் பாடம் எடுத்த கோவிந்தப்பா, சக்கரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஒண்ணுமே புரியலை சார்."