பெரிய குழாய்க்கு உள்டியூப்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசியோடு எழுதுவது. நாங்கள் நலம், உன் வீட்டிலும் எல்லாரும் அப்படியே இருக்க வேண்டும். இதை எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதைக் கவனி.

பித்தப்பையில் கல்லா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில், கல் இல்லை, வயிற்றிலிருக்கும் பெரிய ரத்தக்குழாய்தான் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருக்கிறது என்றார்கள். முப்பத்தைந்து வருஷம் டயர் கடை வைத்திருந்தவனுக்குப் புடைப்பு வெடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். "வயித்தைக் கிழிச்சு சரி பண்ணிடுங்க" என்றேன். மயக்க மருந்து டாக்டர் என் வியாதிகளை எண்ண ஆரம்பித்து, ஒரு கை விரல் போதாமல் மறு கைக்குப் போய், "திறந்தா உங்க இதயம் தாங்காது" என்றார். உன் அண்ணி அங்கேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். எல்லாரும் அவளைக் கவனிக்க ஓடியதில் என்னைக் கேட்பார் இல்லை. பிறகு அறுவை டாக்டர் வந்து, தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, மடக்கிய துணிக்குழாய் ஒன்றை ரத்தக்குழாய் வழியாகவே மேலே கொண்டுபோய், புடைப்புக்குள் விரித்துவிடலாம் என்றார். "அப்ப டயருக்குள்ள டியூப்!" என்றேன். "கிட்டத்தட்ட அதுதான்" என்றார், சிரிக்காமல்.

துளை போடும் இடத்தில் சவரம் செய்ய வந்த நர்ஸ் ஆள் மாறிப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் செய்துவிட்டார். அவர் கண் ஆபரேஷனுக்கு வந்தவர், பாவம். இதுவும் முறைதான் போலிருக்கிறது என்று வாய் திறக்காமல் கிடந்திருக்கிறார்.

முழு மயக்கம் கூடாது என்று இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் துளியும் பயப்படவில்லை. குழாய் ஏறுவதைக் காட்டும் திரையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க" என்று யோசனைகூடச் சொன்னேன். "ஐயா, மூச்சை அடக்குங்க. பேச்சையும் சேர்த்து" என்றார் டாக்டர். இரண்டே மணி நேரம். மறுநாள் வராந்தாவில் நடந்தேன். கசிவு இல்லை என்று ஸ்கேனும் சொல்லிவிட்டது.

கூடப்பிறந்தவர்களுக்கும் இது வரலாமாம். ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே திரும்பி ஓடுகிறவன் நீ. அண்ணனைப் பார்த்துத் தைரியம் கற்றுக்கொண்டு உடனே ஸ்கேன் எடு.

உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உண்மையை எழுதாவிட்டால் தபாலில் போடமாட்டேன் என்கிறாள் உன் அண்ணி. மேஜையில் படுத்ததும் பக்கத்திலிருந்த நர்ஸின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் உன்னைக் கூப்பிடும் பெயரைச் சொல்லி, "சுண்டெலி! சுண்டெலி!" என்று அலறியிருக்கிறேன். நர்ஸ் இரண்டு பேர் மேஜைக்கு அடியில் குனிந்து எலி தேடினார்களாம். நீ தனியாகப் போகாதே, நான் வருகிறேன். யார் கையை யார் பிடித்துக்கொள்வது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.