மணலைத் தேய்த்த மேஸ்திரி

பள்ளிக்கூடம் போகாதவன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கம்பி வேலையில் ஒன்று தெரியாது என்று சொல்லத்தான் வாய் வராது. அந்த வாயால்தான் என் தங்கை செல்வியின் பிழைப்பைக் கெடுத்தேன்.

புருஷன் செத்தபின் அவள் ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டாள். மழை வந்தால் வாசல் வழியாகச் சாரலடித்து, தைக்க வந்த துணியெல்லாம் நனையும். வாசலுக்கு மேல் சாரலை மறைக்க கான்கிரீட்டில் சஜ்ஜா போட்டுத் தருகிறேன் என்றேன். (தினமும் ரயிலேறிப் போய் பெங்களூரில் கம்பி கட்டுகிறவன் வேறெப்படிப் பேசுவான்?)

சைட்டில் மிச்சமான கம்பிகளை இன்ஜினியர் கொடுத்தார். இரும்பில்லை, கண்ணாடி நாரில் செய்தவை. துருப்பிடிக்காதாம். மேலெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. இரும்புக் கம்பியில் மண்ணோ, உதிர்கிற துருவோ இருந்தால் தேய்த்துவிட்டுத்தான் கட்டுவோம். அதே பழக்கத்தில் உப்புத்தாளோடு உட்கார்ந்தேன்.

"இன்னாண்ணா, வேணும்னே ஒட்டி வெச்சாப்பல கீதே," என்றாள் செல்வி.

"நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியா? போய் பட்டன் தை."

இரண்டு நாள் தேய்த்தேன். கம்பிகள் கல்யாண வீட்டுக் கரண்டி மாதிரி மின்னின.

கான்கிரீட் போட்டு, தண்ணீர் காட்டி, மூன்று வாரம் கழித்து முட்டுக்கட்டைகளை எடுத்தேன். சஜ்ஜா அரைமணி நேரம் நின்றது. (அந்த அரைமணியில் நான் தெருவுக்கே யோசனை சொன்னேன்.) செல்வி மிஷினை ஆசையாக அதன் நிழலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, நூல் எடுக்க உள்ளே போனாள்.

சஜ்ஜா மொத்தமாகக் கழன்று மிஷின்மேல் உட்கார்ந்தது. சுவரில் கம்பிகள் மட்டும், களியிலிருந்து உருவிய குச்சிபோல, ஒரு பொட்டு சிமெண்ட் இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தன.

இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"யோவ், இரும்புக் கம்பியில வரிவரியா இருக்குல்ல, அது கான்கிரீட்ட கவ்விக்கும். இதுக்கு அந்த மணல்தான்யா பிடிமானம். அதையா தேய்ச்ச?"

செல்வி அழவில்லை. நசுங்கிய மிஷினின் சக்கரத்தை ஒருதரம் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்த மாதம் பெங்களூர் கார்மெண்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே ரயில். ஏறினதும் நான் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தால் போதும்.

"தொடைக்காதண்ணா, பிடிமானம் பூடும்," என்பாள்.

பெட்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்து முடிப்பதற்குள், மேலே கம்பியைப் பிடித்து நின்றபடியே அவள் தூங்கியிருப்பாள்.