யாரும் நுழையாத ஓட்டை

இந்த ஞாயிற்றுக்கிழமை செத்தாலும் படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை என்று நம்மாள் சபதம் எடுத்திருந்தார். செத்தால் எழுந்திருக்கவே வேண்டியதில்லை என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு அசதி.

அசதி இருக்காதா பின்னே? குழாய் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அவர் வேலை. சாஃப்ட்வேர் என்று ஒன்று இருந்தால் அதில் ஓட்டை இருக்கும். உலகத்தில் எவனாவது ஒருத்தன் தினமும் புது ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, "இதோ இங்கே இன்னொண்ணு!" என்று கூவுவான். அத்தனையையும் அடைக்க நம்மாள் ஒருத்தர். சனிக்கிழமை அடைத்து முடித்து வீடு வந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜர் போனில் அழுவார். "உன்னை விட்டா எனக்கு யாருப்பா இருக்கா?" என்பார். இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மேனேஜர் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமை மச்சான் கூப்பிடுவான். மனைவியின் தம்பி, அடுத்த தெருவில் குடியிருக்கிறான். ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்றாலும் மாமா, பீரோவை நகர்த்த வேண்டும் என்றாலும் மாமா. நம்மாளுக்கு 'முடியாது' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். அதற்கு மேல் வராது.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? அம்மணிக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பார்க்கிற உத்தியோகம். ஊரில் உடைந்தது, இடிந்தது, நசுங்கினது எல்லாவற்றையும் பகலில் பார்ப்பார். சாயங்காலம் வீட்டில் இருக்கிறதைப் பார்ப்பார்.

"என்னங்க, பின்கதவுத் தாழ்ப்பாள் நிக்கவே மாட்டேங்குது. லேசாத் தள்ளினா திறந்துக்குது."

"பாக்கறேன்."

"போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்க."

"இந்த மழைக்கும் அதையேதான் சொல்றேன். பேச்சு மாறாத மனுஷன் நான்."

"நீங்க ஆபீஸ்லயே கிடக்கற அன்னிக்கு நான் தனியாப் படுத்திருக்கேன். காத்துல கதவு அடிச்சா எனக்கு உசிரே போயிடுது."

"பாக்கறேன்னு சொன்னேன்ல?"

இந்த லட்சணத்தில்தான் ஆபீஸில் அவருக்கு ஞானம் பிறந்தது. உலகத்தில் ஓட்டைகள் ஆயிரம் ஆயிரமாக இருந்தாலும், திருடன் நிஜமாகவே உள்ளே நுழைந்த ஓட்டைகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை மட்டும் பொறுக்கியெடுத்து, எல்லோரும் பார்க்கும்படி ஒரு தரவுத்தளமாக வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் ஏற்கெனவே ஒரு ஏஐ உதவியாளர் இருந்தது. எதைக் கேட்டாலும், எப்போதோ படித்ததை வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததை அளந்துவிடும். நம்மாள் அதையும் அந்தத் தரவுத்தளத்தையும் இணைத்துவிட்டார். அன்றிலிருந்து அது ஆதாரத்தோடு பேச ஆரம்பித்தது. காலையில் வந்து உட்கார்ந்து, "இன்னைக்கு எதை அடைக்கணும்?" என்று கேட்டால் போதும். "இந்த ஒன்றில் திருடர்கள் நுழைந்திருக்கிறார்கள். உடனே அடைக்கவும். மற்றவற்றில் யாரும் நுழைந்ததாகத் தகவல் இல்லை. காத்திருக்கலாம்" என்று சொல்லிவிடும்.

காத்திருக்கலாம்! அந்த வார்த்தையைக் கேட்டு நம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஆபீஸுக்கு ஆகிறது வீட்டுக்கு ஆகாதா? ஒரு பேசும் பெட்டியை வாங்கிவந்து, அதில் இன்னொரு உதவியாளரைக் குடிவைத்து, வீட்டு ஓட்டை உடைசலுக்கென்று தனியாக ஒரு தரவுத்தளமும் செய்து இணைத்து, ஹால் அலமாரியில் வைத்தார்.

"இனிமே வீட்டுல எது உடைஞ்சாலும் என்கிட்டச் சொல்லாதே. இதுகிட்டச் சொல்லு."

"ஆபீஸ்ல ஒரு மேனேஜர் பத்தாதுன்னு வீட்டுக்கும் ஒண்ணைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாதே. உலகமே இப்படித்தான் வேலை பாக்குது. ஓட்டை பெரிசா சின்னதாங்கறது இல்லை கேள்வி. யாராவது அது வழியா நுழைஞ்சாங்களா, ஏதாவது போச்சா? போயிருந்தா உடனே சரி பண்ணணும். இல்லேன்னா காத்திருக்கலாம்."

"போச்சுன்னு யார் சொல்லணும்?"

"ரெண்டு பேர் சாட்சி சொல்லணும். ஒருத்தர் சொன்னா ஏத்துக்காது. நீ பாட்டுக்கு அடிச்சு விட்டேன்னா?"

"நடுவுல நீங்க புகுந்து மாத்திட்டா?"

"என்னாலயும் மாத்த முடியாது. அது சொன்னா சொன்னதுதான். நான் கட்டுப்படறேன், நீயும் கட்டுப்படணும்."

அம்மணி பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். கிளெய்ம் கேட்டு வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"ஆள் நுழையணும். ஏதாவது போகணும். ரெண்டு சாட்சி. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"சரி."

அந்தச் 'சரி'யிலேயே நம்மாள் உஷாராகியிருக்க வேண்டும். அசதியில் கோட்டை விட்டுவிட்டார்.

அடுத்த சில நாள் ராஜ வாழ்க்கை. சாயங்காலம் வந்ததும் தன் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்துகொள்வார். இந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த நாற்காலி. கண்ணை மூடியபடி, அம்மணியும் பெட்டியும் பேசிக்கொள்வதைப் பாட்டுக் கச்சேரி மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்.

"சமையலறைக் குழாய் சொட்டுது."

"யாரும் பாதிக்கப்பட்டதாகத் தகவல் இல்லை. காத்திருக்கலாம்."

"படுக்கையறை ஃபேன் கத்துது."

"காத்திருக்கலாம்."

"பின்கதவுத் தாழ்ப்பாள் என்னாச்சு?"

"இதுவரை யாரும் நுழைந்ததாகத் தகவல் இல்லை. காத்திருக்கலாம்."

"இந்த மனுஷன் ஆடாம அசையாம நாற்காலியிலயே கிடக்கறாரு."

"காத்திருக்கலாம்."

அம்மணி கோபப்படவில்லை. முணுமுணுக்கவும் இல்லை. உள்ளே போனார். நம்மாள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போனை அணைத்தார். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்தார். நல்ல தூக்கம் பிடித்து, கனவில்கூட அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஹாலில் பெட்டி அலறியது. அவசரம் என்றால் வேலை முடிகிறவரை விடாமல் கத்த வேண்டும் என்று அமைத்து வைத்தவர் சாட்சாத் அவரேதான்.

"அவசரம். பின்கதவுத் தாழ்ப்பாள். ஆள் நுழைந்தது உறுதி. உடனே சரிசெய்யவும்."

போர்வையோடு ஹாலுக்கு ஓடினார். சாய்வு நாற்காலி இருந்த இடம் காலி. பக்கத்தில் அம்மணி நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நாற்காலி எங்கே?"

"போயிடுச்சு."

"எங்கே போகும்? அதுக்குக் கால்தான் இருக்கு, நடக்கத் தெரியாதே!"

"பின்கதவைத் தள்ளிட்டு ஆள் நுழைஞ்சு, தூக்கிட்டுப் போயிட்டான்."

"நீ பாத்தியா?"

"பாக்காம? நான்தானே ஒரு பக்கம் பிடிச்சேன். என்னா கனம்!"

நம்மாளுக்குத் தூக்கம் முக்கால்வாசி கலைந்தது. "சரி, நீ ஒரு சாட்சி. ரெண்டாவது சாட்சி யாரு?"

"திருடன்."

திருடன் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். மச்சான்தான். "என்ன மாமா, இப்பத்தான் எழுந்தீங்களா? நாற்காலி சூப்பரா இருக்கு. எங்க ஹாலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

நம்மாள் பெட்டியின் முன்னால் போய் நின்றார். "இது நாடகம்! அக்காவும் தம்பியும் கூட்டு! இதை நீக்கு!"

"ஆள் நுழைந்திருக்கிறார். பொருள் போயிருக்கிறது. சாட்சி இரண்டு. நீக்க இயலாது. நீங்களே அப்படித்தான் அமைத்திருக்கிறீர்கள். அவசரம். பின்கதவுத் தாழ்ப்பாள்."

வேறு வழி? சுத்தியலை எடுத்தார். துருப்பிடித்த தாழ்ப்பாளைப் பிடுங்கி, அம்மணி எப்போதோ வாங்கி வைத்திருந்த புதுத் தாழ்ப்பாளை அடித்து முடித்தார். கட்டை விரலும் ஒரு அடி வாங்கியது. பெட்டி வாயை மூடியது.

"இப்பவாவது நாற்காலியைக் கொண்டா மச்சான்."

"எப்படி மாமா? நீங்கதான் கதவை அடைச்சிட்டீங்களே."

படுக்கைப் பக்கம் திரும்பினார். பெட்டி மறுபடியும் அலறியது. "அவசரம். சமையலறைக் குழாய்." எட்டிப் பார்த்தால், மச்சான் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். "சாக்ஸ் நனைஞ்சு போச்சு மாமா." அம்மணி பார்த்தாராம். அதற்கும் சாட்சி இரண்டு. குழாயை முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஃபேன்.

"ஃபேன்ல என்ன போச்சு?"

"என் தூக்கம் போச்சு."

"தூக்கம் ஒரு பொருளா?"

"'ஏதாவது போச்சா'ன்னுதானே கேட்டீங்க? பொருள்தான் போகணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

கிளெய்ம் பார்க்கிறவரிடம் வாய் கொடுத்து மீள முடியுமா? ஏணியை எடுத்துவந்தார்.

பொழுது சாய்ந்தபோது வீட்டில் சொட்டுகிற குழாய் இல்லை, கத்துகிற ஃபேன் இல்லை, நம்மாளின் உடம்பில் தெம்பும் இல்லை. நாற்காலி இருந்த இடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, பெட்டியிடம் ஈனக்குரலில் கேட்டார். "இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர். 'முடியாது' என்று சொல்ல வராது. அந்த ஓட்டை வழியாக நுழைந்தவர்கள்: மேனேஜர், மைத்துனர். போனது: ஞாயிற்றுக்கிழமைகள். சாட்சி இரண்டு. தீர்வு: ஞாயிறன்று போனை வீட்டம்மாவிடம் ஒப்படைக்கவும்."

நம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "இதை யார் சொன்னது?"

"நான்தான்" என்றார் அம்மணி. "தம்பியும் ஒத்துக்கிட்டான். காலையில உங்க போன் அணைஞ்சிருக்குன்னு உங்க மேனேஜர் எனக்கு அடிச்சாரு. 'அவர் தூங்கறாரு, நாளைக்கு வருவாரு'ன்னு சொல்லி வெச்சிட்டேன். ஒண்ணும் வானம் இடிஞ்சு விழுந்துடலை. இனிமே ஞாயித்துக்கிழமை யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க."

இத்தனை வருஷமாக நம்மாளுக்காக யாரும் 'முடியாது' என்று சொன்னதே இல்லை. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று உருகிப்போனார்.

"அப்ப அடுத்த ஞாயிறு நிம்மதியாத் தூங்கலாமாம்மா?"

"தாராளமா. காலையில பரணை ஒழிச்சிட்டு, ஹால் சுவருக்குப் பெயின்ட் அடிச்சிட்டு, அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் தூங்குங்க. சரியா?"

"சரி" என்றார் நம்மாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. எழுந்து பெட்டியிடம் பாய்ந்தார்.

"குறிச்சுக்கோ! அதே ஓட்டை. இப்ப நுழைஞ்சது வீட்டம்மா. போனது இன்னைக்கு முழு நாளும், அடுத்த ஞாயிறும்! சாட்சி நான்!"

"இரண்டாவது சாட்சி?"

நம்மாள் மச்சானைப் பார்த்தார். மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா கையில் சூடாக ஒரு சாப்பாட்டுத் தட்டு இருந்தது.

"சொல்லுடா மச்சான்! காலையிலேருந்து பாத்துட்டுத்தானே இருக்கே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. நான் சாப்பிடத்தான் வந்தேன்."

பெட்டி தீர்ப்புச் சொன்னது.

"உறுதியான தகவல் இல்லை. காத்திருக்கலாம்."