நார்பெர்ட் வைத்த காசுக்கு அடியில் ஒரு பெயர்

ஏரிக்கரை மதுக்கடை, வடக்கு விஸ்கான்சின்
பிப்ரவரி 1986

பாசமுள்ள மச்சான் ரோலண்டுக்கு,

வில்பர்ட் எழுதிக்கொள்வது. இங்கே ஏரியைத் தவிர மற்ற எல்லாரும் உறையாமல் இருக்கிறோம். அரிசோனா வெயிலில் நீயும் தங்கச்சி டெலோரஸும் உருகாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நலம் விசாரித்தாயிற்று. இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். என் கடையில் காசு போட்டு ஆடும் அந்தப் பழைய பில்லியர்ட்ஸ் மேசை இருக்கிறதே, அது வண்ணப் பந்துகளை விழுங்கிக்கொள்ளும், வெள்ளைப் பந்தை மட்டும் உடனே திருப்பித் தரும். அந்த வெள்ளைப் பந்தை நம் பால்வண்டி லைல் உறைந்த ஏரியில் உருட்டி விளையாடப்போய், அது மீன்பிடிக்கத் தோண்டிய ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. வேறு பந்து வாங்கலாம் என்றால் கடைக்காரன், "மேசை யாரு செஞ்சது? டோர்ன்பெர்க்னா பந்து பெருசு, வில்லோபின்னா பந்துக்குள்ள இரும்பு. மாத்திப் போட்டீங்க, தொண்டையில சிக்கி மேசையே காலி. பேரைச் சொல்லுங்க, பந்தைத் தர்றேன்" என்கிறான். லைலைக் கேட்டால், "தண்ணியில தொபுக்குனு போச்சு, அப்போ இரும்புதான்" என்கிறான். பாலாடைக்கட்டி ஆலை யூஜீனோ மேசையில் தொந்தியைச் சாய்த்துப் பார்த்து, "என் வயித்துக்குத் தெரியாதா? இது டோர்ன்பெர்க் உயரம்" என்கிறான். இவனுங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பெயர் எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். மேசை விளிம்பில் கால் டாலர் காசு அகலத்தில் ஒரு பித்தளை வில்லை, அதில்தான். தினமும் துடைத்தவன் நான், ஒருநாளாவது படித்தேனா? இல்லை. இப்போது அதன்மேல் நார்பெர்ட்டின் காசு உட்கார்ந்திருக்கிறது. போன இலையுதிர் காலத்தில், "அடுத்த ஆட்டம் என்னுது" என்று வைத்துவிட்டு, சிகரெட் பிடிக்க வெளியே போன மனுஷன் அப்படியே உங்கள் ஊருக்குக் குளிர் காயப் போய்விட்டார். ஆட்டத்துக்கு இடம்பிடித்து அடுத்தவன் வைத்த காசை எவனாவது தொடுவானா? என் கடையில் மனுஷர்கள்தான் குடிக்கிறார்கள்.

இதற்கிடையில் அடுத்த சனிக்கிழமை பில்லியர்ட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டம். உன் அக்கா ஆர்டிஸ் பெண்கள் அணிக்குத் தலைவி. பதினைந்து வருஷமாக இந்தக் கோப்பைக்காகத் தவம் கிடக்கிறாள். வெள்ளைப் பந்து திரும்பி வராத மேசையில் ஆட்டம் கிடையாது, அக்கரையில் இருக்கும் கிளாரன்ஸ் கடைக்கு மாறிவிடும். அங்கே தரை சரிவு, இவர்கள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. "உங்களுக்கு நான் முக்கியமா, அந்தாளு காசு முக்கியமா?" என்று அழுகிறாள். "நீதான்டி முக்கியம், ஆனா காசைத் தொட முடியாதே" என்றேன். "தள்ளுங்க, நானே எடுக்கிறேன்" என்று கையை நீட்டியவள், பாதியில் நிறுத்தி, கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே.

அப்புறம் யூஜீன், "மேல இருக்கிற பேரு உள்ளேயும் இருக்கும்ல?" என்று கிளப்பிவிட்டான். கழற்றினோம். கால்களைக் கழற்றினோம், துணியை உரித்தோம், பலகையைப் பிரித்தோம். ஒரு மண்ணும் இல்லை. ஒரு பெண்மணியின் பல்செட் கிடைத்தது, அவ்வளவுதான். காசு நகரக் கூடாதே என்று விளிம்பை மட்டும் நாலு பேர் முறைவைத்துத் தோளில் தாங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை பொரித்த மீனை நான்தான் அவர்களுக்கு ஊட்டிவிட்டேன். "தார்தார் சாஸ் எங்கடா?" என்று அதட்டல் வேறு.

ஆகவே மச்சான், நார்பெர்ட்டைத் தேடிப் பிடித்து, காசை ஒரு நொடி தூக்கிக்கொள்ளலாம் என்று அவர் கைப்பட ஒரு வரி வாங்கி அனுப்பு. வாய்வார்த்தையை லைல் ஏற்க மாட்டானாம். உன் அக்கா கண்ணீருக்காகவாவது செய்.

மாதா உங்கள் இருவரையும், உங்கள் ஏசி மிஷினையும் காப்பாளாக.

அன்புடன்,
வில்பர்ட்

பி.கு: மேலே சொன்ன வேலை வேண்டாம். இங்குள்ள தன் வீட்டில் தண்ணீர்க்குழாய் உறைந்து வெடித்ததென்று நார்பெர்ட்டே இன்று காலை பறந்து வந்துவிட்டார். நேரே கடைக்கு வந்து காசைக் கையில் எடுத்தார். "வெள்ளைப் பந்து எங்கப்பா?" என்றார். "தொலைஞ்சுபோச்சு அண்ணே." "பந்து இல்லாம எப்படி ஆடுறது? வந்ததும் சொல்லியனுப்பு. அடுத்த ஆட்டம் என்னுதுதான்" என்று காசை அதே வில்லைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மாடியிலிருந்து ஆர்டிஸ் ஓடிவந்து, "எவனாவது படிச்சீங்களா?" என்று கத்தினாள். எப்படிப் படிப்பது? அவர் காசை எடுத்தபோது மரியாதைக்காக நாங்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். குழாயைச் சரிபண்ணிவிட்டு அவர் அரிசோனா திரும்பும் அதே விமானத்தில் ஆர்டிஸும் உன் வீட்டுக்கு வருகிறாள்.