மூன்றாவது ரவுண்டில் விழ வேண்டியவன்

மூன்றாவது ரவுண்டில் விழ வேண்டும் என்று கிருஷ்ணப்பா சொல்லி முடித்தபோது சிரஞ்சீவியின் போன் அடித்தது. சித்தூர் பக்கத்துக் குடிபாலாவிலிருந்து அவன் மனைவி கல்பனா.

“உங்கம்மா நாளைக்கு விடியகாலைல திருப்பதிக்கு வர்றாங்க. தொணைக்கு என் தம்பி பிரவீன் வர்றான்.”

“இன்னாத்துக்கு?”

“உன் மேட்சுக்காவ முடி வேண்டிக்கினு கீறாங்க.”

“ஜெயிக்கணும்னா?”

“பின்ன? கேட்டா வாயத் தொறக்கல. சொன்னா பலிக்காதாம்.”

போனை வைத்தான். கிருஷ்ணப்பா அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, அடி விழ வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல இருந்தது.

அமெச்சூராக இருந்தவரை சிரஞ்சீவி குத்துச்சண்டையில் மாநில அளவில் மெடல் வாங்கியவன். மெடலுக்குப் போலீஸ் வேலை வரும் என்று காத்திருந்தான். வேலைக்கு உரிய வயது தாண்டியது. புரொபஷனல் ஆனான். சித்தூரில் நண்பர்கள் பிளெக்ஸ் வைத்தார்கள். அதன் பிறகு எல்லாப் போட்டியிலும் நேர்மையாகத் தோற்றான். கடைசியில் வாங்கிய அடியில் இடது கண் மூடிக்கொண்டு வெகு நாள் திறக்கவில்லை. மாங்கூழ் ஃபேக்டரியில் டிரம் உருட்டப் போகலாம் என்று நினைத்தபோதுதான் கிருஷ்ணப்பா வந்தார். போட்டிகள் நடத்துகிறவர்.

“நீ ஜெயிக்கிற ஆளு இல்லடா. ஆனா உன்ன மாதிரி அழகா உழுறவன நான் பாத்ததில்ல.”

திருப்பதியில் லாட்ஜ் வைத்திருக்கும் நாராயணசாமியின் மகன் ஸ்ரீஹரிக்கு வெற்றிகள் தேவைப்பட்டன. அவனிடம் ஒழுங்காக விழுந்தால் அடுத்தது பெங்களூர், அதற்கடுத்தது துபாய். வளரும் பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே விழ ஓர் ஆள் வேண்டும். வருஷம் முழுக்க வேலை. தவறவிட்டால் டிரம்தான்.

இதைக் கல்பனாவிடம்கூட அவன் சொல்லவில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டில் அம்மா யசோதா இறங்கினாள். வயது அறுபத்தைந்தைத் தாண்டியும் கொண்டை ஒரு கைக்குள் அடங்காது. தலையில் குடத்தைத் தூக்கினால் கொண்டையே சும்மாடு என்று ஊரில் சொல்வார்கள்.

“கண்ணு இன்னும் செவந்துகினே கீதே நைனா.”

“ஒண்ணுல்லமா. நீ மொதல்ல மலைக்குப் போ. சாமியப் பாரு.”

“சாயங்காலம் உன் மேட்சு?”

“சாமிய வுட மேட்சு பெருசா?”

பிரவீனைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னான்: “தர்ம தரிசனம் லைன்ல நில்லு. அவசரப்படாத. எல்லாரையும் முன்னாடி வுடு.”

“அப்ப நாளைக்குத்தான் மாமா வெளிய வருவோம்.”

“பரவால்ல.”

சாயங்காலம் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது பிரவீன் போன் செய்தான்.

“மாமா, சூப்பர் தரிசனம்! வயசானவங்கன்னு தனி லைன்ல வுட்டுட்டாங்க. அத்தைக்குத் தொணைன்னு என்னையும் வுட்டாங்க. லட்டும் வாங்கியாச்சு. நேரா மேட்சுக்கு வந்துடறோம்.”

“நடந்து எறங்குங்கடா. புண்ணியம்.”

“ஜீப் ஏறிட்டோம் மாமா.”

சிரஞ்சீவி கிருஷ்ணப்பாவிடம் ஓடினான். “சார், என் மேட்ச மொதல்ல வைங்க. மொத ரவுண்டுலயே உழுந்துடறேன்.”

“உழுறதுக்கு இவ்ளோ ஆசையா? சரி, வெக்கறேன்.”

போட்டி நடந்த இடம் ஒரு கல்யாண மண்டபம். காலையில் முடிந்த கல்யாணத்தின் வாழைமரங்களை யாரும் அவிழ்க்கவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த மேடையில் ரிங் போட்டிருந்தார்கள். நாராயணசாமிக்கு மாலை போட்டார்கள். நாராயணசாமி வந்தவர்களுக்கெல்லாம் சால்வை போட்டார். சால்வை வாங்கியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பேசினார்கள். ஒருவர் குத்துச்சண்டையின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவர் முடிக்கும்போது அம்மா வாசலில் நின்றாள்.

“சார், அவங்கள உள்ள வுடாதீங்க. எங்கம்மா. நான் ஜெயிக்கணும்னு முடி வேண்டிக்கினு கீறாங்க. அவங்க எதிர்ல எப்படி உழுவேன்?”

கிருஷ்ணப்பாவின் முகம் மலர்ந்தது. “அம்மாவா? வேண்டுதலா? இத ஏன்டா முன்னாடியே சொல்லல?”

அம்மாவைக் கைபிடித்து அழைத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்தார். மைக்கை வாங்கித் தெலுங்கில் விஷயத்தைச் சொன்னார். மகனுக்காகத் தலைமுடியைத் தரப்போகும் தாய் இதோ என்றார். ஜனம் கை தட்டியது. கேமராக்காரன் அவள் கொண்டையைப் படமெடுத்தான்.

“இப்ப நீ உழுந்தா மண்டபமே அழும்டா. மூணாவது ரவுண்டுதான். மாத்தாத” என்று சிரஞ்சீவியின் காதில் சொன்னார்.

முதல் இரண்டு ரவுண்டுகள் பேசி வைத்தபடி போயின. ஸ்ரீஹரி தலையணையால் அடிப்பது போல அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் சிரஞ்சீவி ஓர் அடி பின்னால் போனான்.

“ஏய் சித்தூரு! அந்த அம்மா முடிக்காவது அடிடா!” என்று யாரோ கத்தினார்கள்.

மூன்றாவது ரவுண்டு. அம்மா மடியில் லட்டுப் பையோடு, கைகூப்பி, கண்மூடி இருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சிரஞ்சீவி தாடையைத் திறந்து கொடுத்தான். அடி சொன்ன இடத்தில் விழுந்தது. முழங்கால் மடங்கத் தொடங்கியது.

அம்மா கண்ணைத் திறந்தாள். சாமியைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள். அப்படி ஒரு ஆசையோடு அவனை யாரும் பார்த்ததில்லை.

முழங்கால் தானாக நிமிர்ந்தது. வலது கை ஸ்ரீஹரியின் தாடைக்குப் போனது.

ஸ்ரீஹரி விழத் தெரியாமல் விழுந்தான். ரெஃப்ரி எண்ணி முடித்துவிட்டு, அதன் பிறகும் சந்தேகமாக நாராயணசாமியைப் பார்த்தார்.

“ஜெயிக்கறவன் ஊருக்கு நாலு பேரு கீறான். உன்ன நான் எதுக்குடா வெச்சுக்கணும்?” என்றார் கிருஷ்ணப்பா.

“அம்மா வேண்டுதல் சார்.”

“லாட்ஜ்காரருக்கும் வேண்டுதல் இருந்திச்சுடா. பெங்களூரு இல்ல, துபாய் இல்ல. இனி எந்த ரிங்குலயும் உனக்கு எடமில்ல. போ.”

அம்மா மண்டப வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை போல என்று அவன் நினைத்தான்.

“ஜெயிச்சிட்டேன்மா. பாத்தியா?”

“பாத்தேன்.”

“ஊர்ல பட்டாசு வெடிக்கிறாங்க மாமா. அடுத்த மேட்சுக்கு வேன் வெச்சுக்கினு வர்றாங்களாம்” என்றான் பிரவீன்.

அம்மா நிமிர்ந்தாள். “அடுத்தது வேற கீதா?”

உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“நெறைய கீதுமா. இனிமேதான் ஆரம்பமே.”

அம்மா இன்னும் அதிகமாக அழுதாள்.

மறுநாள் காலை அவளை மலைக்கு அழைத்துப் போனான். முடி எடுக்கும் கல்யாணகட்டை வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

“இன்னொரு நாளு பாத்துக்கலாம்டா.”

“சாமிக்கு வேண்டினத தள்ளிப் போடக் கூடாதுமா.”

“நான் சொல்றதக் கேளு நைனா...”

“நீ சும்மா வா. நான் ஜெயிச்சதே இதுக்காவத்தான்.”

டோக்கனும் பிளேடும் வாங்கி வந்து, அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தான். துபாய் போனது, பெங்களூர் போனது. இதாவது முறைப்படி நடக்கட்டும் என்று இருந்தது.

முடி எடுக்கும் பெண் அம்மாவின் கொண்டையை அவிழ்த்தாள். தரைவரை விழுந்தது. சொம்பில் தண்ணீர் எடுத்தாள். அம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்து, காதருகே ஏதோ சொன்னாள்.

அந்தப் பெண் சொம்பைக் கீழே வைத்துவிட்டு சிரஞ்சீவியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏம்ப்பா, நீ தோத்து, சண்டைய வுட்டுட்டு வூட்டோட வந்தாத்தான் முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினாங்களாமே. எழுப்பிக்கினு போ, பின்னால ஜனம் நிக்குது.”